புள்ளியியல் மென்பொருள் கற்றலில் முதற்படி: செங்கல்பட்டு ஊர்க்கணக்குகளையும் மாமல்லபுரக் கல்வெட்டுகளையும் முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தமிழியல் ஆய்வுகளில் எண்சார் தரவுகளின் பயன்பாடு பெருகி வருகிறது. ஆயினும், அத்தரவுகளைப் பகுத்தாயும் புள்ளியியல் மென்பொருளை ஆய்வாளர் தாமே கையாளும் வழக்கம் இன்னும் பரவலாகவில்லை. கட்டளைகளை மனனம் செய்வதே மென்பொருள் கற்றலின் கடினமான பகுதி என்ற எண்ணம் இதற்கு ஒரு காரணமாகும். மூலத்தை அட்டவணையாக மாற்றும் நிலையில் எடுக்கப்படும் முடிவுகளே கடினமானவை என்பதையும், அம்முடிவுகளை எடுக்கத் தகுதியுடையவர் மூலத்தை அறிந்த தமிழாய்வாளரே என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. 18ஆம் நூற்றாண்டுச் செங்கல்பட்டு ஊர்க்கணக்குகளும் மாமல்லபுரக் கடற்கரைக் கல்வெட்டுகளும் இதற்குச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்

புள்ளியியல் மென்பொருள், தரவு, நிரை, நிரல், விடுபட்ட மதிப்பு, இடைநிலை அளவு, செங்கல்பட்டு, மாமல்லபுரம், ஊர்க்கணக்கு, கல்வெட்டு.

முன்னுரை

வினாநிரல் வழித் தொகுத்த தரவுகள், சொற்பயன்பாட்டு எண்ணிக்கைகள், கல்வெட்டுச் செய்திகளின் கால, இட வகைப்பாடுகள் ஆகியவற்றைக் கொண்டு அமையும் ஆய்வேடுகளில் புள்ளியியல் அட்டவணைகள் தவறாது இடம்பெறுகின்றன. அவ்வட்டவணைகளை ஆய்வாளரே உருவாக்கினாரா என்பது வேறு வினா. நிரப்பப்பட்ட வினாநிரல்களைக் கட்டணம் பெற்றுப் பகுத்துத் தரும் ஓரிடத்தில் ஒப்படைத்து, அச்சிட்ட அட்டவணைகளைப் பெற்று, அவற்றை இயலுக்குள் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் ஆய்வுலகம் அறியாததன்று. வாய்மொழித் தேர்வில், "இவ்வட்டவணையில் கூட்டுச் சராசரிக்கும் இடைநிலை அளவுக்கும் இவ்வளவு வேறுபாடு ஏன்?" என்று ஒரு தேர்வாளர் வினவும்போதுதான் அவ்வழக்கத்தின் விலை தெரிகிறது. பல ஆண்டுகள் களத்தில் உழைத்தவர் தம் தரவைப் பற்றிய எளிய வினாவுக்கு விடை கூற இயலாத நிலைக்கு ஆளாகிறார்.

அச்சமே இந்நிலைக்குப் பெரிதும் காரணம். கணிதம் பயிலாதவருக்கு மென்பொருள் வசப்படாது என்னும் கருத்து இலக்கிய மாணவரிடையே வேரூன்றியுள்ளது. உண்மையில், கணக்கிடும் வேலையை மென்பொருள் ஒரு நொடியில் முடித்துவிடும். அதனிடம் எதை எண்ணச் சொல்வது, எதை எண்ணாமல் விடச் சொல்வது என்ற முடிவுகள் மட்டும் மனிதரிடமே எஞ்சுகின்றன. இம்முடிவுகளைத் தொடக்கநிலை ஆய்வாளர் எவ்வாறு அணுகலாம் என்பதைப் படிப்படியாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மென்பொருள் தெரிவு

இன்று பரவலாகப் பயன்படும் புள்ளியியல் மென்பொருள்களை இருவகையாகப் பிரிக்கலாம். பட்டியலிலிருந்து தெரிவு செய்து சொடுக்கும் வகை ஒன்று. கட்டளைகளை எழுதி இயக்கும் வகை மற்றொன்று. 1968இல் சமூக அறிவியல் ஆய்வாளர்களுக்கென உருவாக்கப்பட்ட எஸ்.பி.எஸ்.எஸ். முதல் வகையைச் சார்ந்தது. அதனைப் பயன்படுத்த உரிமக் கட்டணம் செலுத்த வேண்டும். அதனையொத்த பி.எஸ்.பி.பி., ஜமோவி, ஜாஸ்ப் ஆகியவை கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

இரண்டாம் வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு 'ஆர்' என்னும் மென்பொருள். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் ஆகிய இருவரும் இதனை உருவாக்கினர். பெல் ஆய்வகத்தில் பிறந்த 'எஸ்' என்னும் மொழியைப் பின்பற்றியது இது. இருவர் பெயரின் முதலெழுத்தும் இதன் பெயராயிற்று. இதன் முதல் முழுமையான பதிப்பு 2000ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் நாள் வெளிவந்தது. இதுவும் கட்டணமற்றது.

எவ்வகையைத் தெரிவு செய்வது என்ற வினா தொடக்கநிலையாளரை நெடுநாள் அலைக்கழிக்கிறது. இவ்வினாவுக்கு அத்துணை முதன்மை தேவையில்லை. பின்வரும் பகுதிகளில் கூறப்படுவன எந்த மென்பொருளுக்கும் பொதுவானவை.

தமிழியலில் முன்னோடி முயற்சிகள்

எண்வழி ஆய்வு தமிழியலுக்குப் புதிதன்று. ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராஷிமா, சோழர் கல்வெட்டுகளில் பயிலும் வரிச்சொற்களைக் கால, இட அடிப்படையில் எண்ணி வகைப்படுத்தும் முறையை முன்னெடுத்தார். அவரும் எ. சுப்பராயலுவும் தொரு மட்சுயியும் இணைந்து தொகுத்த சோழர் கல்வெட்டுப் பெயர்களின் சொல்லடைவு, 1978இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. தனியாள் கணினிகள் பரவாத காலத்திலேயே இப்பணிக்குக் கணினி துணைநின்றது. ஒரு கல்வெட்டில் வரும் நெடும்பெயரில் எது இயற்பெயர், எது ஊர்ப்பெயர், எது பட்டம் என்று முதலில் பிரித்துணர்ந்தாலன்றிக் கணினியால் எதனையும் எண்ணியிருக்க இயலாது. அப்பகுப்பு முழுவதும் கல்வெட்டியல் புலமையின் பாற்பட்டது. இன்றைய தொடக்கநிலையாளரும் இதே வரிசையில்தான் செல்ல வேண்டும்.

செங்கல்பட்டு ஊர்க்கணக்குகள்

ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி 1763இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அளித்த ஜாகீர், பின்னாளில் செங்கல்பட்டு மாவட்டமாக உருப்பெற்றது. அப்பகுதியின் ஏறத்தாழ 2,000 ஊர்களைப் பற்றிய விவரங்கள், 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்னும் பொறியாளரின் பொறுப்பில் நடந்த அளவாய்வில் திரட்டப்பட்டன. நிலவகை, விளைச்சல், குடிகள், அவர்தம் தொழில், விளைச்சலிலிருந்து கோயில்களுக்கும் ஊர்ப்பணியாளர்களுக்கும் பிரித்தளிக்கப்பட்ட பங்குகள் எனப் பலவும் இவற்றில் அடங்கும். இவ்வளவாய்வு சார்ந்த ஓலைக் கணக்குகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும், ஆங்கிலச் சுருக்கங்கள் சென்னையிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் உள்ளன.

இவ்வாவணங்களின் சிறப்பை ஆய்வுலகின் கவனத்திற்குக் கொணர்ந்தவர்களுள் தரம்பால் முதன்மையானவர். சென்னையில் இயங்கும் 'சென்டர் ஃபார் பாலிசி ஸ்டடீஸ்' நிறுவனத்தார் இவற்றை விரிவாக ஆராய்ந்தனர். திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய இரண்டு ஊர்களின் கணக்குகள் 2001இல் அந்நிறுவனத்தின் நூலாக வெளிவந்தன.

ஊர்கள், இனங்கள், அளவுகள் என அமைந்த இக்கணக்குகளைப் பார்ப்பவருக்கு, இவை உருவிலேயே ஓர் அட்டவணையை ஒத்திருப்பது தோன்றும். ஆகவே அப்படியே தட்டச்சு செய்து மென்பொருளில் இட்டுவிடலாம் என்றும் தோன்றக்கூடும். அவ்வாறு செய்ய முற்படும்போதே வினாக்கள் எழுகின்றன.

நிரை எதைக் குறிக்கிறது?

புள்ளியியல் மென்பொருள் யாவும் தரவை ஒரே வடிவில் எதிர்பார்க்கின்றன. ஒவ்வொரு நிரையும் ஓர் ஆய்வலகு. ஒவ்வொரு நிரலும் ஒரு மாறி. ஆய்வலகு எது என்பதை ஆய்வாளரின் வினாவே தீர்மானிக்கிறது. ஊர்க்கணக்கைக் கொண்டு ஏரிப்பாசனம் மிக்க ஊர்களின் விளைச்சலை அறிய முற்பட்டால், நிரை என்பது ஓர் ஊர். குடிகளின் தொழில் வகையை அறிய முற்பட்டால் நிரை என்பது ஒரு வீடு. விளைச்சற் பங்கீட்டை ஆராய்ந்தால் நிரை என்பது ஒரு பங்கு. ஒரே ஓலைக்கட்டிலிருந்து மூன்று வேறு அட்டவணைகள் உருவாகின்றன. இம்மூன்றையும் ஒன்றாகக் கலந்து ஒரே அட்டவணையில் இட்டவர், எண்ணிக்கை ஏன் பெருகிற்று என்று பின்னர்த் திகைப்பார்.

மாமல்லபுரக் கல்வெட்டுகள் இதனை இன்னும் தெளிவாக்கும். கணேச ரதத்தில் பொறிக்கப்பட்டுள்ள வடமொழிச் செய்யுள்கள் தருமராச மண்டபத்திலும் உள்ளன. சாளுவன்குப்பத்து அதிரணசண்டக் குடைவரையில் ஒரே செய்தி பல்லவ கிரந்த எழுத்தில் ஒரு சுவரிலும் நாகரி எழுத்தில் மற்றொரு சுவரிலும் காணப்படுகிறது. இவற்றை எத்தனை கல்வெட்டுகளாகக் கொள்வது? பொறிப்புகளை எண்ணுபவருக்கு ஒரு விடை. பாடங்களை எண்ணுபவருக்கு வேறு விடை. எழுத்து வடிவங்களின் பரவலை ஆராய்பவர் நிரையைப் பொறிப்பாகக் கொள்வார். அரசரின் விருதுப்பெயர்கள் எத்தனை முறை ஆளப்பட்டன என்று ஆராய்பவர், மீண்டும் பொறிக்கப்பட்ட பாடத்தைத் தனித்து எண்ணுவதா வேண்டாவா என்று முடிவு செய்து, அம்முடிவை எழுதி வைக்க வேண்டும். மென்பொருள் இவ்விரண்டில் எதனையும் தடுக்காது; இரண்டுக்கும் பிழையற்ற கணக்கைத் தரும்.

அலகும் பின்னமும்

எண்ணை நிரலில் இடும்முன் அதன் அலகை ஒருமைப்படுத்த வேண்டும். செங்கல்பட்டுப் பகுதியில் வழங்கிய காணி என்னும் நில அளவு 24 மனை கொண்டது. ஒரு மனை 2,400 சதுர அடி. எனவே ஒரு காணி 57,600 சதுர அடி, ஏறத்தாழ 1.32 ஏக்கர். இதே காணி என்னும் சொல் பழந்தமிழ்ப் பின்ன வாய்பாட்டில் 1/80 என்பதைக் குறிக்கும். மா என்பதும் 1/20 என்னும் பின்னமாகவும் நில அளவாகவும் வழங்கியது. எனவே கணக்கோலையில் காணி என்று காணும் இடமெல்லாம், அது அளவா பின்னமா என்பதைச் சூழல் நோக்கித் தெளிய வேண்டும். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்னும் வாய்பாடு பொதுவானதேயாயினும், மரக்காலின் கொள்ளளவு இடத்துக்கு இடம் மாறியது. ஆகவே இரண்டு பகுதிகளின் கலங்களை ஒப்பிடும்போது அவற்றை ஒரே எடையளவுக்கு மாற்றிய பின்னரே ஒப்பிடல் வேண்டும்.

முக்காலே மூன்று வீசம் என்னும் வழக்கை அறியாதார் இலர். முக்காலும் மூன்று வீசமும் சேர்ந்தால் 15/16; தசம வடிவில் 0.9375. இவ்வாறு எல்லாப் பின்னங்களையும் தசமமாக்கியே நிரலில் இட வேண்டும். இதில் தொடக்கநிலையாளர் பலரும் தடுக்கி விழும் ஓரிடம் உண்டு. எக்செல் விரிதாளில் முக்கால் என்னும் பொருளில் 3/4 என்று தட்டினால், அது தானாகவே நாளாக மாறிவிடும். கணினியின் அமைப்பைப் பொறுத்து அது ஏப்ரல் 3 ஆகவோ மார்ச் 4 ஆகவோ காட்சியளிக்கும். எக்செல் நாளை ஒரு வரிசை எண்ணாகவே சேமிப்பதால், இன்று அவ்வாறு தட்டிய முக்கால் உள்ளே 45,000க்கு மேற்பட்ட எண்ணாக இருக்கும். அந்நிரலின் சராசரி என்னாகும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இன்மையும் பூச்சியமும்

ஓலை செல்லரித்தமையால் ஓர் ஊரின் வீடுகள் எத்தனை எனப் படிக்க இயலவில்லை. வேறோர் ஊரில் குடியிருப்பே இல்லை. முன்னது அறிய இயலாமை, பின்னது பூச்சியம். இரண்டையும் ஒன்றாகக் கருதுவது பெரும்பிழை.

பயிற்சிக்காக நான்கு ஊர்களைக் கற்பித்துக்கொள்வோம். மூன்று ஊர்களில் வீடுகள் முறையே 20, 30, 40. நான்காவது ஊரின் எண்ணிக்கை சிதைந்துள்ளது. சிதைந்த இடத்தைக் காலியாக விட்டால் சராசரி 30. அங்குப் பூச்சியம் இட்டால் 22.5. வினாநிரல் ஆய்வுகளில் விடையின்மையைக் குறிக்க இடும் 999 என்னும் குறியீட்டை இட்டு, அது குறியீடு என்பதை மென்பொருளுக்கு அறிவிக்காமல் விட்டால் 272.25. மூன்றும் கணக்கு வகையில் சரியானவையே.

இவ்விடத்தில் 'ஆர்' மென்பொருளின் இயல்பு ஒன்று தொடக்கத்தில் எரிச்சலூட்டும். நிரலில் ஒரு மதிப்பு விடுபட்டிருந்தாலும், சராசரி கேட்டால் எண்ணைத் தராமல் 'இல்லை' என்னும் குறியையே அது விடையாகத் தரும். விடுபட்டவற்றை நீக்கிக் கணக்கிடுக என்று வெளிப்படையாகக் கூறிய பின்னரே எண் கிடைக்கும். இதனைப் பிழையென்று கருதிப் பலர் மென்பொருளையே கைவிடுகின்றனர். ஆனால் அது பயனுடைய தடை. ஒரு மதிப்பு விடுபட்டிருப்பதை ஆய்வாளர் அறிந்தே நீக்குகிறார் என்பதற்கு அக்கட்டளையே சான்றாகி நிற்கிறது.

பெயரும் எழுத்தும்

செங்கல்பட்டு, செங்கற்பட்டு என்னும் இரண்டும் நமக்கு ஓரூர். மாமல்லபுரம், மகாபலிபுரம், மாவலிபுரம் என்னும் மூன்றும் அவ்வாறே. மென்பொருளுக்கு இவை ஐந்து ஊர்கள். பெயரின் இறுதியில் அறியாது இட்ட ஓர் இடைவெளியும் புதியதோர் ஊரைத் தோற்றுவித்துவிடும். கண்ணுக்குப் புலப்படாத வேறுபாடும் உண்டு. ஒருங்குறியில் கொகரத்தின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றினும், எண்ணும்போது வெவ்வேறாகப் பிரிந்து நிற்கும்.

எழுத்தெண்ணிக்கை சார்ந்த யாப்பாய்விலும் நடையியல் ஆய்விலும் ஈடுபடுவோர் மற்றொன்றையும் கருத வேண்டும். தமிழ் என்னும் சொல் மூன்றெழுத்துடையது. ஆனால் மென்பொருளின் எழுத்தெண்ணும் கட்டளை 5 என விடை தரும். தகரம், மகரம், இகரக்குறி, ழகரம், புள்ளி என ஒருங்குறிக் குறியீடுகளை அது எண்ணுவதே காரணம். அதே முறையில் செங்கல்பட்டு என்னும் ஏழெழுத்துச் சொல்லுக்கு 12 என விடை வரும். தமிழ் எழுத்திலக்கணத்தை அறிந்தவரால்தான் இவ்விடை பிழையென உணர முடியும். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பனுவல்களை ஒருங்குறிக்கு மாற்றிய பின்னரே ஆய்வைத் தொடங்க வேண்டும் என்பதையும் இங்குச் சேர்த்துக் கருதுதல் நலம்.

இடப்பெயரோடு எல்லையும் மாறுகிறது. 18ஆம் நூற்றாண்டு ஜாகீரின் பரப்பும் இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் பரப்பும் ஒன்றல்ல. இன்றைய மாவட்டம் 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்தது. காஞ்சிபுரம் மாவட்டத்தின் மக்கள்தொகை 2001இல் 28,77,468, 2011இல் 39,98,252. ஏறத்தாழ 39 விழுக்காட்டு வளர்ச்சி. பிரிவினைக்குப் பிந்திய காஞ்சிபுரத்தின் எண்ணை இவற்றின் தொடர்ச்சியாக அடுத்த நிரையில் இட்டால், மக்கள் பெருமளவில் குறைந்துவிட்டதாக வரைபடம் காட்டும். பெயர் ஒன்றாயிருத்தல் பொருள் ஒன்றாயிருத்தலுக்குச் சான்றாகாது.

முதற் கட்டளைகள்

அட்டவணை செம்மையான பின்னர்க் கற்க வேண்டிய கட்டளைகள் மிகச் சிலவே. முதலாவது, ஒவ்வொரு பெயரும் எத்தனை முறை வருகிறது என எண்ணும் அலைவெண் கட்டளை. மேற்கூறிய பெயர்த் திரிபுகள் இதில் வெளிப்பட்டுவிடும். இரண்டாவது, தொகுப்புக் கட்டளை. 'ஆர்' மென்பொருளில் 'சம்மரி' எனப்படும் இது, மீச்சிறு மதிப்பு, முதற் கால்மானம், இடைநிலை அளவு, கூட்டுச் சராசரி, மூன்றாம் கால்மானம், மீப்பெரு மதிப்பு ஆகிய ஆறனையும், விடுபட்ட மதிப்புகள் இருப்பின் அவற்றின் எண்ணிக்கையையும் ஒருங்கே தரும்.

ஐந்து ஊர்களின் சாகுபடி நிலம் 40, 50, 60, 70, 780 காணி எனப் பயிற்சிக்காகக் கொள்வோம். கூட்டுச் சராசரி 200 காணி. ஐந்தில் நான்கு ஊர்கள் இதன் பாதியளவைக்கூட எட்டவில்லை. இடைநிலை அளவோ 60 காணி. முன்னுரையில் குறித்த தேர்வாளரின் வினாவுக்கு விடை இதுவே: ஒரு பேரூர் சராசரியைத் தன்பால் இழுத்துவிட்டது. இனி அந்த 780 உண்மையா, 78 என்பதன் தட்டச்சுப் பிழையா என்று மூலத்திற்குத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, வரைபடக் கட்டளை. புள்ளியியலறிஞர் ஆன்ஸ்கோம் 1973இல் நான்கு சிறு தரவுத் தொகுதிகளை வெளியிட்டார. நான்கிலும் சராசரிகள் ஒன்றே. ஒட்டுறவுக் கெழு ஏறத்தாழ 0.816. ஆனால் வரைந்து பார்த்தால், ஒன்று நேர்கோட்டுப் போக்கு, ஒன்று வளைவு. எஞ்சிய இரண்டில் விலகி நிற்கும் ஒரே புள்ளி முடிவையே மாற்றுகிறது. இத்தொகுதிகள் 'ஆர்' மென்பொருளுடனேயே கிடைக்கின்றன. புதிதாகக் கற்போர் முதல் நாளிலேயே இவற்றை வரைந்து பார்த்தல் தகும்.

மாதிரியும் முழுமையும்

தொடக்கநிலையாளரை மிகுதியும் ஈர்ப்பது பொருட்சிறப்புச் சோதனை. பி மதிப்பு 0.05க்குக் குறைந்தால் கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது என்று எழுதிவிடுகின்றனர். பி மதிப்பு ஒரு கருதுகோள் உண்மையாக இருப்பதற்கான வாய்ப்பைக் கூறுவதன்று. விளைவின் பேரளவைக் கூறுவதுமன்று. அமெரிக்கப் புள்ளியியல் கழகம் 2016இல் வெளியிட்ட அறிக்கை இவ்விரண்டையும் வலியுறுத்தியது. 2,000 ஊர்கள் கொண்ட தரவில் ஒட்டுறவுக் கெழு 0.05 மட்டுமே எனினும், வழக்கமான சோதனையில் பி மதிப்பு ஏறத்தாழ 0.025 ஆகிப் பொருட்சிறப்புடையதாகிவிடும். அவ்வொட்டுறவு விளக்கும் மாறுபாடோ 0.25 விழுக்காடு மட்டுமே.

இச்சோதனைகள் வாய்ப்புமுறையில் எடுத்த மாதிரியிலிருந்து முழுமையை ஊகிப்பதற்கென அமைந்தவை. பர்னார்டு அளவாய்வு ஒரு நிலப்பகுதியின் ஊர்களைப் பெரும்பாலும் முழுமையாகத் தழுவ முயன்றது. அங்கு மாதிரிப் பிழையைவிடப் பதிவுப் பிழையே கவலைக்குரியது. கல்வெட்டுகளின் நிலை வேறு. நம்மிடம் இருப்பவை தேர்ந்தெடுத்த மாதிரி அல்ல; எஞ்சியவை. 2004 டிசம்பர் 26 அன்று தாக்கிய ஆழிப்பேரலை சாளுவன்குப்பத்தில் மணலை அரித்துச் செல்ல, பாறையிலிருந்த கல்வெட்டுகள் வெளிப்பட்டன. அடுத்த ஆண்டு இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது மண்ணுள் புதைந்திருந்த முருகன் கோயில் ஒன்று தெரியவந்தது. அதற்கு முதல்நாள் வரை அக்கடற்கரையின் கோயில்களை எண்ணியவர் எவருடைய கணக்கிலும் அக்கோயில் இடம்பெற்றிருக்க வாய்ப்பில்லை. எஞ்சியதை எண்ணி இருந்ததை உரைக்கும்போது தேவைப்படும் எச்சரிக்கையை எந்தச் சோதனையும் ஆய்வாளருக்காக மேற்கொள்ளாது.

கட்டளைப் பதிவேடு

சொடுக்கிச் செய்த பகுப்பாய்வு தடயமின்றி மறைந்துவிடும். ஆறு மாதம் கழித்து அட்டவணை எவ்வாறு கிடைத்தது எனச் செய்தவருக்கே தெரியாது. கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதி இயக்கினால் ஒவ்வொரு படியும் பதிவாகும். எஸ்.பி.எஸ்.எஸ். பயன்படுத்துவோரும் 'பேஸ்ட்' பொத்தானை அழுத்தித் தம் சொடுக்குகளைக் கட்டளைகளாகப் பெற்றுச் சேமிக்கலாம்.

இதன் இன்றியமையாமையை உணர்த்தியவர் ஒரு மாணவர். அரசுக் கடன் மிகுந்தால் நாட்டின் வளர்ச்சி குன்றும் என்று பொருளியலறிஞர்கள் ரைன்ஹார்ட்டும் ரோகாஃபும் 2010இல் எழுதிய கட்டுரை பல நாட்டு நிதிக்கொள்கை விவாதங்களில் எடுத்தாளப்பட்டது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ண்டன் வகுப்புப் பயிற்சிக்காக அதன் கணக்கை மீண்டும் செய்து பார்த்தார், விடை பொருந்தவில்லை. மூல விரிதாளைப் பெற்று நோக்கியபோது, சராசரிக்கான வாய்பாடு ஐந்து நாடுகளின் நிரைகளை விட்டுவிட்டிருந்தது தெரிந்தது. இப்பிழையுடன், சில ஆண்டுகளின் தரவு விடுபட்டதையும் எடையிட்ட முறையையும் சீராக்கியபோது, மிகுகடன் நாடுகளின் சராசரி வளர்ச்சி −0.1 விழுக்காட்டிலிருந்து 2.2 விழுக்காடாக மாறியது. அவரும் அவருடைய ஆசிரியர் இருவரும் 2013இல் இதனை வெளியிட்டனர். புதிதாகக் கற்பவர் ஒருவர் தாமே செய்து பார்த்ததன் பயன் இது.

தொடங்குவோர்க்கு ஒரு பயிற்சி

தம் மூலத்திலிருந்து முப்பது நிரைகள் கொண்ட சிறிய அட்டவணையைத் தாமே உருவாக்குதல் நல்ல தொடக்கமாகும். முதலில், நிரை எதைக் குறிக்கிறது என்பதை ஒரே தொடரில் எழுத வேண்டும். இரண்டாவதாக, ஒவ்வொரு நிரலின் பெயர், பொருள், அலகு, விடுபட்ட மதிப்பின் குறி ஆகியவற்றைத் தனித்தாளில் விளக்க வேண்டும். மூன்றாவதாக, மூலத்தில் கண்ட பெயர்வடிவை ஒரு நிரலிலும் ஒருமைப்படுத்திய வடிவை மற்றொரு நிரலிலும் இட வேண்டும். பாடவேறுபாட்டைப் பதிப்பாசிரியர் அடிக்குறிப்பில் காப்பது போன்றது இது. நான்காவதாக, முப்பது நிரைகளின் கூட்டுத்தொகையையும் சராசரியையும் கையால் கணக்கிட்டு, மென்பொருளின் விடையோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் வேறுபட்டால் காரணம் அறியும் வரை மேலே செல்லலாகாது. ஐந்தாவதாக, கட்டளைக் கோப்பை உடன்பயிலும் ஒருவரிடம் தந்து, அவர் கணினியிலும் அதே விடை வருகிறதா எனக் காண வேண்டும்.

முடிவுரை

புள்ளியியல் மென்பொருளைக் கற்பதில் தமிழாய்வாளர் பின்தங்கியவர் என்ற எண்ணம் ஆய்வுக்குரியது. பாடங்களை ஒப்பிடுதல், திரிபுகளை இனங்காணல், சிதைந்த இடத்தைச் சிதைந்தது என்றே குறித்தல், சொல்லின் பொருளைச் சூழலால் துணிதல் ஆகியவை பதிப்பியலும் கல்வெட்டியலும் நெடுங்காலமாகப் பயிற்றுவித்து வரும் திறன்கள். செம்மையான அட்டவணைக்குத் தேவைப்படுபவையும் இவையே. காணி அளவா பின்னமா என்பதும், இருசுவர்ப் பொறிப்பு ஒன்றா இரண்டா என்பதும், கட்டணம் பெற்றுக் கணக்கிட்டுத் தரும் எவரும் அறியக்கூடியவை அல்ல. ஆகவே பகுப்பாய்வைப் பிறரிடம் ஒப்படைக்கும் ஆய்வாளர், தாம் மட்டுமே எடுக்கக்கூடிய முடிவுகளை அவற்றை அறியாத ஒருவரிடம் விட்டுவிடுகிறார். உயர்நிலைச் சோதனைகளில் புள்ளியியலாரின் துணையை நாடுவதில் பிழையில்லை. அத்துணை பயன்தருவதற்கும், அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள எண் எங்கிருந்து வந்தது என்று ஆய்வாளர் விடை கூறக்கூடியவராக இருத்தல் வேண்டும். தமிழ்த்துறைகள் ஆய்வு நெறிமுறைத் தாளில் மேற்கூறிய முப்பது நிரைப் பயிற்சியை ஒரு பருவத்திற்கேனும் இணைப்பின், அத்தகைய ஆய்வாளர்களை உருவாக்க வழி பிறக்கும்.